ஆய்வுக்கூடக் கம்ப்யூட்டர்கள் பேசக் கற்ற கதை



வீரசோழன் பக்கத்துக் கரிசலில் மிளகாய் போடுகிற ஒருவர் அரைக் கிலோ மண்ணைப் பையில் கட்டி, மண் பரிசோதனைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிச்சத்து ஹெக்டேருக்கு 8 கிலோ என்று கருவி சரியாகவே காட்டுகிறது. 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 22-க்கு மேலே என்றால் அதிகம். அந்த 8-ஐத் தாளில் எழுதி, தாளிலிருந்து நோட்டுக்கும், நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஏற்றும்போது 28 ஆகிவிட்டால்? மெலிந்த நிலம் கொழுத்த நிலமாகிவிடும். உரத்தைக் குறைக்கச் சொல்லிச் சீட்டு வரும். மானாவாரிக்காரருக்கு ஒரு வருஷம் போனது போனதுதானே!

இப்படிக் கைமாற்றி எழுதாமல், கருவியோடு சேர்ந்த கம்ப்யூட்டரே பதிவேட்டுக் கம்ப்யூட்டருக்குக் கணக்கைச் சொல்லிவிட வழி உண்டு. அதன் பூர்வீகம் எங்கே தெரியுமா? ரேடியோவில்தான்.

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், தீவு தீவாகக் கிடந்த இடங்களை ரேடியோ அலை மூலம் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டுப்போகும். ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வராவிட்டால், ஆளுக்கொரு அளவு நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். நம்ம ஊர்க் கூட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து வாயெடுத்தால், நிறுத்திவிட்டு ஒருவர் முந்திப் பேசுகிறாரே, அதே முறைதான். (நம்ம கூட்டத்தில் சில சமயம் யாரும் நிறுத்துவதில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த யோசனையை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்ற இருவர். 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஒற்றை ஒயரில் பல கம்ப்யூட்டர்களைக் கோத்தார்கள். பேசுவதற்கு முன் ஒயரில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளவும் பழக்கினார்கள். அதற்கு ஈதர்நெட் என்று பெயர். 1983-இல் அது பொதுத் தரமாயிற்று. எந்தக் கம்பெனி எந்திரமும் அந்த முறையில் பேசலாம்.

நம் நாட்டில் 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் உதவியோடு எர்நெட் என்ற வலையைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட எட்டு நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. ஆரம்பத்தில் டெலிபோன் லைன்தான். ஒரு கம்ப்யூட்டர் தானே டயல் செய்து, சேர்த்து வைத்த கடிதக் கட்டை அடுத்ததிடம் ஒப்படைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பதும் அதுபோலத்தான். கருவி அளந்து முடித்ததும் கணக்கு ஒரு கோப்பாக விழும். பதிவேட்டுக் கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொண்டு சரிபார்க்கும். மூட்டை எண்ணிக்கையும் மொத்த எடையும் சீட்டில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புவோமே, அதுபோல ஒரு கூட்டுத்தொகை கோப்போடு போகும். தொகை ஒத்துவராவிட்டால் திருப்பிக் கேட்கும்.

2015 பிப்ரவரி 19-ஆம் தேதி ராஜஸ்தானில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியபோது, ஒரு மண்ணுக்கு 12 அளவுகள் என்று வைத்தார்கள். நூறு பை மண் வந்தால் 1,200 எண்கள்! கையால் எழுதினால் எத்தனை தடவை கண் அசரும், பாருங்கள்.

ஆனால் பையின் மேல் இருக்கும் சர்வே நம்பரை எந்த ஒயரும் சரிபார்க்காது. அங்கே பக்கத்துக் காட்டு நம்பர் இருந்தால், பக்கத்துக் காட்டுக் கணக்குத்தான் உங்களுக்கு வரும். சீட்டைப் பென்சிலில் எழுதிப் போடுங்கள். ஈர மண்ணில் மை கரைந்துவிடும்.