களனிக்கு அப்பால்: உணர்விழந்த தோலும் ஹெந்தளை வைத்தியசாலையும்

கொழும்பின் வடபகுதியில், களனி கங்கையின் தென்கரையை ஒட்டி அமைந்த கிராண்ட்பாஸ், போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே நகரைவிட்டு வெளியேறுவோரும் நகருக்குள் வருவோரும் ஆற்றைக் கடக்கும் பெருந்துறையாக விளங்கியது. 1822 இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைக்கப்பட்ட பாலமும், அதற்கு மாற்றாக 1895 இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலமும் அத்துறையின் முக்கியத்துவத்தை நிலைநிறுத்தின. வணிகர்க்கும் வண்டிக்காரருக்கும் வழியாயிருந்த இதே ஆறு, நகரம் ஒதுக்கிவைத்த மாந்தருக்கு எல்லையாகவும் இருந்தது. அதன் வடகரையில், வத்தளையை அடுத்த ஹெந்தளையில், ஒல்லாந்தர் 1708 இல் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினர். அங்கு அனுப்பப்பட்டோரில் பலர் தம் ஊருக்குத் திரும்பியதேயில்லை.

அக்காலத்தில் அந்நோயை அஞ்சியோர் கண்டது விரல்கள் குறுகிப்போன கைகளையும் ஆறாப் புண் கொண்ட பாதங்களையுமே. நோய் தசையைத் தின்கிறது என்றும், முன்வினையின் பயன் என்றும் பல நூற்றாண்டுகளாக நம்பப்பட்டது. ஆனால் அச்சிதைவுக்குப் பெருங்காரணம் தோலின் உணர்விழப்பே என்பதை, தோலும் தசையும் தூண்டல்களை எவ்வாறு அறிகின்றன என்னும் ஆய்வு வளர்ந்த பின்னரே மருத்துவம் தெளிவாகக் கண்டது. ஹெந்தளையின் மூன்று நூற்றாண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள அந்த ஆய்வின் வரலாறும் வேண்டும்.

தூண்டலொன்றை நரம்பு கடத்தக்கூடிய மின்குறிப்பாக மாற்றும் நுண்ணுறுப்புகள் வாங்கிகள் எனப்படும். தோலில் இவை பலவகை. விரல்நுனியின் மேற்பரப்புக்கு அண்மையில், 1852 இல் விவரிக்கப்பட்ட மைஸ்னர் சிறுதுணிக்கைகள் மெல்லிய தொடுகையையும் பிடியிலிருந்து பொருள் நழுவுவதையும் அறிகின்றன. 1875 இல் மேர்க்கெல் விவரித்த கலங்கள் நிலையான அழுத்தத்தையும் விளிம்புகளின் வடிவத்தையும் உணர்த்துகின்றன. ஆழத்தில், வெங்காயம் போல் அடுக்கடுக்காய்ச் சூழப்பட்ட பசினியின் சிறுதுணிக்கைகள் விரைந்த அதிர்வுகளைப் பற்றிக்கொள்கின்றன. வெப்பம், குளிர், நோவு ஆகியவற்றை உணர்வன உறையேதுமற்ற வெறும் நரம்பு முனைகளே. இம்முனைகளின் மென்சவ்வில் புரதத்தாலான நுண்வாயில்கள் உள்ளன. அழுத்தமோ வெப்பமோ அவற்றைத் திறக்கும்போது நேரேற்ற அயன்கள் உட்புகுந்து கணத்தாக்கம், அதாவது நரம்புவழி ஓடும் மின்துடிப்பு, எழுகின்றது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் திறக்கும் வாயிலை 1997 இல் டேவிட் ஜூலியசின் குழுவும், அழுத்தத்தால் திறக்கும் வாயில்களை 2010 இல் ஆர்டெம் படபூட்டியனின் குழுவும் இனங்கண்டன; இருவருக்கும் 2021 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தசைக்கும் தனக்கென வாங்கிகள் உண்டு. தசைக்கதிர் எனப்படும் நுண்ணிழைக் கட்டு, தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதை அறிவிக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் அமைந்த கொல்கி உறுப்பு, தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை அறிவிக்கிறது. கண்ணை மூடியிருக்கும்போதும் தன் கை எங்குள்ளது என்பதை ஒருவர் அறிவது பெரிதும் இவற்றால்தான். தசையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைகள் உண்டு என்பதை 1890களில் நிறுவிய சார்ள்ஸ் ஷெரிங்டன், உடல் தன்னைத்தானே அறியும் இவ்வுணர்வுக்கும், ஊறு விளைக்கும் தூண்டலை அறியும் நோவாங்கிகளுக்கும் 1906 இல் பெயரிட்டார்.

இவ்விருவகை வாங்கிகளையும் தொழுநோய் ஒரேவிதமாகத் தாக்குவதில்லை. 1873 இல் நோர்வேயில் ஹான்சன் கண்டறிந்த இந்நோயின் பற்றீரியா, உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த இடங்களிலேயே நன்கு பெருகுகிறது. ஆகவே அது தோலிலும், முழங்கையின் பின்புறமும் முழங்காலின் வெளிப்புறமும் தோலுக்கு அண்மையாகச் செல்லும் நரம்புகளிலும் குடியேறி, நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் சுவான் கலங்களைப் பற்றுகிறது. பெரும்பாலும் சூடும் குளிரும் அறியும் ஆற்றல் முதலில் மங்கி, பின்னர் தொடுகையும் நோவும் மறைகின்றன. வெதுவெதுப்பான ஆழத்தில் கிடக்கும் முன்கைத் தசைகளின் வாங்கிகளோ பொதுவாகத் தப்பிவிடுகின்றன. இதனால் நோயாளர் தம் கையின் நிலையை அறிவார், வலுவாகப் பற்றவும் செய்வார்; ஆனால் பற்றும் விசையை அளவோடு வைத்திருக்க உதவும் விரல்நுனி வாங்கிகள் செயலிழந்திருப்பதால், தேவைக்கு மிஞ்சிய விசையுடன் கருவியை இறுக்கித் தோலைக் கிழித்துக்கொள்வார், கொதிக்கும் பாத்திரத்தைக் கூசாமல் தூக்குவார், காலில் தைத்த முள்ளோடு நாள்முழுதும் நடப்பார். உணரப்படாத காயம் ஆறுவதற்கு ஓய்வு பெறுவதில்லை. அது புண்ணாகி, சீழ்பிடித்து, எலும்புவரை அரிக்கிறது.

இவ்வுண்மையை நடைமுறை மருத்துவமாக்கியவர், கொல்லிமலையில் 1914 இல் பிறந்து, 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அறுவை மருத்துவர் போல் பிராண்ட். தொழுநோயாளரின் தசை தானாக அழுகுவதில்லை என்றும், காயத்தைத் தடுத்து ஓய்வு கொடுத்தால் அவர்களுடைய புண்களும் மற்றவர்களுடையவை போலவே ஆறும் என்றும் அவர் காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியதோடு, பாதத்துக்கேற்ற மென்மையான காலணிகளையும் அவருடைய குழுவினர் உருவாக்கினர். வலி ஒரு தண்டனையன்று, உடலின் காவல் என்னும் தெளிவே அப்பணி முழுவதற்கும் அடித்தளமாயிற்று.

இலங்கையில் சட்டம் நெடுங்காலம் வேறு திசையில் சென்றது. பிரித்தானியர் 1901 இல் இயற்றிய தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிசெய்தது. ஹெந்தளையைப் போலவே மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் அவ்வாறான தனிமையிடமாயிற்று. கூட்டு மருந்துச் சிகிச்சை 1983 இல் அறிமுகமானதும் தனிமைப்படுத்தலுக்கு இருந்த கடைசி நியாயமும் அற்றுப்போயிற்று, ஏனெனில் அம்மருந்தைத் தொடங்கியவரிடமிருந்து நோய் விரைவில் பரவாமற் போய்விடுகிறது. 1995 இல் நாடளாவிய அளவில் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டது. ஒழிப்பு என்பது இங்கு 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்பதையே குறிக்கும், நோய் முற்றாக மறைந்ததை அன்று. அதன் பின்னரும் நெடுங்காலம் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்பட்டனர்; நெருக்கமாக மக்கள் வாழும் மேல் மாகாணத்தின் பங்கு அதில் பெரிது.

ஆகவே இன்று வேண்டப்படுவது காலந்தாழ்த்தாத பரிசோதனை. மாக்ஸ் வொன் ஃபிரே 1890களில் குதிரைமயிரால் தோலைத் தொட்டு உணர்வுப் புள்ளிகளை ஆராய்ந்தார். அம்முறையிலிருந்து வளர்ந்த நைலான் இழைகளால் இன்று சிகிச்சை நிலையங்களில் நோயாளரின் கையும் காலும் சோதிக்கப்படுகின்றன. உள்ளங்காலில் 10 கிராம் அளவான அழுத்தத்தை உணராதவர், தம்மைக் காக்கும் உணர்வை இழந்தவராகக் கொள்ளப்படுகிறார். நிறம் வெளிறி உணர்வு குன்றிய ஒரு தேமலை அந்நிலைக்கு முன்பே கண்டறிந்தால், ஆறு முதல் பன்னிரண்டு மாத மருந்தில் நோய் குணமாகும், கைகால்களும் பெரும்பாலும் பிழைக்கும். ஆற்றுக்கு அப்பால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை இனி மாற்ற இயலாது. ஆயினும் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி போன்ற நெரிசல் மிக்க பகுதிகளில் மரத்துப்போன ஒரு தேமலை எவரும் நாணமின்றி மருத்துவரிடம் காட்டும் நிலையை உருவாக்குவது, அவ்வரலாற்றை அறிந்த சமூகத்தின் கடமையாகும்.