சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) இலங்கையின் யாழ்ப்பாணத்தில், மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றிய அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர், மருத்துவ ஆசிரியர், நூலாக்குநர். ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ஊரிலேயே தங்கி வைத்தியம் பார்க்கும் ஒரு தலைமுறையை உருவாக்கியதற்காக நினைக்கப்படுபவர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். நியூயோர்க் நகரின் வளர்ச்சியில் பெரும் பங்கு வகித்த ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய அண்ணன். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றவர், நகரத்தில் தொழில் நடத்திப் பெயர் வாங்கும் வழியை விட்டுவிட்டு அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனில் சேர்ந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அங்கே மிஷன் வைத்தியம் புதிதல்ல. ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் அதைத் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குப் பின் நேதன் வோர்ட் வட்டுக்கோட்டையில் பார்த்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் இருந்தார்.

கட்டிகளை அகற்றுவது, முறிந்த எலும்பைச் சேர்ப்பது, கண்ணுக்குச் சிகிச்சை செய்வது என்று கத்தியோடு போகும் வேலை ஒருபுறம் இருக்க, வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்கள் வரும்போதெல்லாம் ஊர் ஊராக மருந்தோடு போக ஆள் தேவைப்பட்டது. தனி ஒருவரால் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் வைத்தியம் செய்ய முடியாது என்பது கிறீனுக்கு வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. மானிப்பாய்க்கு மாறிய காலத்திலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். நோயாளியின் கட்டிலருகேதான் பாடத்தின் பெரும்பகுதி நடந்தது. 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் யாழ்ப்பாண நகரில் எழுந்த நண்பர் சங்க மருத்துவமனையில் தொடக்க காலத்தில் பணியாற்றியவர்களில் கிறீனிடம் பயின்றவர்கள் இருந்தனர். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர் அந்த மருத்துவமனைதான்.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் தேறியவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. சம்பளமும் மதிப்பும் உள்ள அந்த வேலையைத் தள்ளிவிட்டு உடுவில், சங்கானை போன்ற ஊர்களில் உட்கார்ந்து ஊராரிடம் கிடைப்பதைக் கொண்டு பிழைக்க யார் வருவார்? படித்தவர்கள் குடாநாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கிறீன் எடுத்த முடிவு வேறு வகையானது: பாட மொழியை மாற்றினார். உடல்நலம் கெட்டு 1850களின் இறுதியில் அமெரிக்கா சென்றவர், திருமணம் செய்துகொண்டு 1862இல் மனைவி மார்கரெட்டோடு திரும்பினார். அதற்குப் பின் 1860களின் நடுப்பகுதியில் தமிழ் வழி வகுப்பு தொடங்கியது. இவரிடம் மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பயின்று வெளியேறினர்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே. இந்த வேலையை கிறீன் முன்னதாகவே தொடங்கியிருந்தார். கல்வின் கட்டரின் உடல்நூல் ‘அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்’ என்று 1852இல் வந்தது. ‘பிரசவ வைத்தியம்’ 1857இல். அறுவைச் சிகிச்சை மாணவர்கள் கையில் ஆங்கிலத்தில் புழங்கிய துரூயிட்டின் கையேடு ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் வெளியானது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படித்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. அதே ஆண்டில் ஹூப்பரின் நூலிலிருந்து ‘வைத்தியாகரம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’. எல்லாம் சேர்ந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்.

இதை ஒரு வெள்ளைக்காரர் தனியே எழுதிக் குவித்தார் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது, அது சரியல்ல. சப்மன், தன்போர்த் போன்ற மாணவர்கள் மொழிபெயர்ப்பின் பெரும் பாரத்தைச் சுமந்தனர். கிறீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார், சொற்களை முடிவு செய்தார். அவர் கைக்கொண்ட முறை எளிது: வழக்கிலோ தமிழ் வைத்திய நூல்களிலோ சொல் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதமும் வேதியியலுக்குக் கெமிஸ்தமும் கிடைத்தது இப்படித்தான். சேர்ந்த சொற்களை அகராதிப் பட்டியல்களாகவும் அச்சிட்டார்.

மாணவர்கள் காற்சட்டையும் சப்பாத்துமாகத் துரைமார் கோலத்துக்கு மாறுவதை கிறீன் விரும்பவில்லை. ஊர் உடையும் ஊர்ச் சாப்பாடும் போதும் என்பது அவர் நிலைப்பாடு. இதில் தமிழ்ப் பற்றை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அவர் முதலிலும் முடிவிலும் மதப் பணியாளர். மருந்தோடு வேதமும் போக வேண்டும் என்பதை அவர் மறைத்ததில்லை. ஊரோடு ஒட்டாத வைத்தியனின் சொல், மருந்தானாலும் போதனையானாலும், ஊரில் எடுபடாது என்ற கணக்கும் அதில் சேர்ந்தே இருந்தது. சைவர்களான நோயாளிகள் மருந்தை எடுத்துக்கொண்டார்கள். மற்றதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

1873இல் கிறீன் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியும் தமிழ்ப் பணி தொடர்ந்தது. டோல்டனின் உடலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்று 1883இல் வந்தது. மறு ஆண்டு மே மாதம் அவர் இறந்தார்.

அவருடைய தமிழ் வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. உத்தியோகத்துக்கு உரிய சான்றிதழ் அங்கேதான் கிடைத்தது. கலைச்சொற்களிலும் பல புழக்கத்தில் நிற்கவில்லை: கெமிஸ்தத்தை இலங்கைப் பாடநூல்களில் இரசாயனவியல் வென்றது. 1960களில் கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகே கிறீனின் பெயர் தமிழ் வாசகர்களிடையே பரவலாகத் திரும்பியது. மானிப்பாய் மருத்துவமனை கிறீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரைத் தாங்கி வருகிறது.