பரிந்து பேசுதல் (தமிழ்க் கிறித்தவ மரபு)

துன்பத்தில் சிக்கிய ஒருவர் தம் உறவினரோ சமயத்தவரோ அல்லாதபோதும், அவருக்காக முன்வந்து நிற்பதையும் அப்படி நிற்கும்படி மற்றவர்களுக்கு ஊக்கமூட்டுவதையும் ஒருசேரக் குறிக்கும் கிறித்தவ நெறி. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'பரிந்து பேசுகிறவர்' என்னும் தொடர் இயேசுவுக்கே வழங்குகிறது. இறைவனிடம் மனிதருக்காக வழக்காடுபவர் என்பது அதன் பொருள். பின்பற்றுவோரும் அதையே செய்யக் கடமைப்பட்டவர்கள் என்ற கருத்து அதிலிருந்தே கிளைத்தது.

இந்நெறியின் வேர் யூத மறைநூலில் உள்ளது. நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரத்தில் ஒரு தாய், அரசனான தன் மகனுக்கு, வாயற்றவர்களுக்காக வாய் திறக்கும்படி புத்தி சொல்கிறாள். தன் இனத்தாரைக் காக்க, அழைப்பில்லாமல் அரசன்முன் சென்றால் சாவு என்று தெரிந்தும் சென்றவள் எஸ்தர். புதிய ஏற்பாட்டில் நல்ல சமாரியன் உவமை பலரும் அறிந்தது. ஆனால் இந்நெறியை முழுமையாகக் காட்டுபவர் பர்னபா. சைப்பிரசைச் சேர்ந்த இவருடைய இயற்பெயர் யோசேப்பு. ஆறுதலும் ஊக்கமும் தருபவர் என்ற பொருளில் திருத்தூதர்கள் பர்னபா எனப் பெயரிட்டனர். நேற்றுவரை கிறித்தவர்களைச் சிறைக்கு இழுத்துச் சென்ற சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது யாரும் அவரை நம்பவில்லை. பர்னபா மட்டும் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று அவருக்காகப் பேசினார். அந்தச் சவுலே பின்னர் பவுல் ஆனார்.

தமிழகத்தில் இந்நெறி சோதனைக்கு உள்ளான முதல் இடங்களுள் ஒன்று புதுச்சேரி. தமிழர்களுக்கான பணியை இயேசு சபைக் குருக்கள் நடத்தினர். சாதி வழக்கங்களுக்கு அவர்கள் எந்த அளவு இடம் கொடுக்கலாம் என்ற வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1703இல் புதுச்சேரி வந்திறங்கிய திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704இல் இங்கிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர்களின் குடிசைக்குள் சென்று அருளடையாளம் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. சாகக் கிடப்பவரை வாசலுக்குத் தூக்கி வரச் செய்வதா, குரு குனிந்து உள்ளே போவதா என்பதே கேள்வி. நாற்பது ஆண்டுகள் வாதம் நீடித்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவ்வாணையை உறுதி செய்தார். ஆயினும் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஒப்புக்கொண்டார். குடிசைக் கதவு திறந்தது, பிரிவினை போகவில்லை.

இதே காலத்தில் தரங்கம்பாடியில் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் மறைபணியாளர்களுள் ஒருவரான சீகன்பால்கு, பரிந்து பேசியதற்காகவே சிறை சென்றார். 1706 ஜூலையில் வந்தவர் அவர். இறந்துபோன நாவிதர் ஒருவரின் கடன் தொடர்பான வழக்கில் அவருடைய மனைவிக்கு நியாயம் கேட்டுத் தேனியக் கம்பெனியின் தளபதி ஹாசியுசிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். அந்த விதவைக்கு எதிராக நின்றவர் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். தளபதி சினந்து 1708 நவம்பரில் சீகன்பால்குவைத் தான்ஸ்பார்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறையிருந்தார். தமிழ் அச்சுக்கும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கும் அவர் செய்த தொண்டு பாடநூல்களில் இடம்பெறுகிறது. பெயர் தெரியாத அந்தக் கைம்பெண்ணுக்காக இருந்த சிறைக்கும் அதே இடம் தரத் தக்கது.

புதுச்சேரியில் 1716இல் நடந்த நைனியப்பப் பிள்ளை வழக்கு இன்னும் சிக்கலானது. நைனியப்பர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர், இந்து. அப்பதவியில் கிறித்தவர் ஒருவரே இருக்க வேண்டும் என்று இயேசு சபையார் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். ஆளுநர் எபேர் காலத்தில் நைனியப்பர் கைதாகி, கொடுமை செய்தார், கலகம் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, கடைத்தெருவில் பலர் காணக் கசையடி பெற்றார். 1717இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய பிள்ளைகள் பிரான்சுக்கு முறையீடு செய்தபோது, பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். ஒரு கிறித்தவச் சபை சாய்த்த இந்துவுக்காக இன்னொரு கிறித்தவச் சபை எழுதியது. இரு சபைகளுக்கும் இடையிலிருந்த பூசல் இதில் கலந்திருந்தது உண்மை. இருந்தாலும் அந்தக் குரல் இல்லாமல் கடல் கடந்த ஒரு குடும்பத்தின் முறையீடு பிரெஞ்சு அரசவை வரை எட்டியிருப்பது அரிது. தீர்ப்பு இறுதியில் நீக்கப்பட்டது. மகன் குருவப்பர் பாரீசு சென்று, அங்கே திருமுழுக்குப் பெற்று, புனித மிக்கேல் விருதுபெற்ற செவாலியேவாகத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார்.

இம்மரபின் மிகத் தெளிவான நிகழ்ச்சி 1745 அக்டோபரில் புதுச்சேரியில் இயேசு சபையாரின் சம்பா கோவிலில் நடந்தது. 'சேன் போல்' என்ற பெயரே மக்கள் வாயில் சம்பா ஆயிற்று என்பர். அதைப் பதிவு செய்தவர் குருக்களில் ஒருவர் அல்லர். ஆளுநர் டூப்ளேயின் துபாஷியும் (மொழிபெயர்ப்பாளர்) நைனியப்பரின் உறவினருமான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் இச்செய்தி உள்ளது. கோவிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர்கள், மறுபுறம் சாதிக் கிறித்தவர்களும் கலப்பினத்தவரும் நின்று வழிபட்டனர். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர், பெரிய பறைச்சேரி, சின்னப் பறைச்சேரி, உழந்தை முதலிய இடங்களின் கிறித்தவர்களைப் பெரிய குருவிடம் போய்க் கேட்கும்படி தூண்டினார். அவர்கள் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் பேதம் பார்ப்பதில்லையே, நீங்கள் மட்டும் ஏன் எங்களைத் தள்ளி வைக்கிறீர்கள் என்பது அவர்களுடைய முறையீட்டின் சாரம். பெரிய குருவால் மறுமொழி கூற முடியவில்லை. சுவரை உடனே இடிக்கச் செய்து, எல்லாரும் கலந்து நிற்கலாம் என்றார்.

சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். கோவிலுக்கே வரமாட்டோம் என்றனர். குரு ஆளுநரிடம் புகார் செய்ய, கூட்டம் கூடுவோர் தண்டிக்கப்படுவர் என்று டூப்ளே எச்சரித்தார். பிள்ளையின் நடையில் சுவர் இடிந்ததற்கான மகிழ்ச்சி இல்லை. அதனாலேயே இந்தச் சாட்சியத்தை நம்பலாம். பெருமைக்காக எழுதப்பட்டது அன்று. இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது, காரைக்கால் குரு தாமே பேசவில்லை என்பது. போய்க் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். பேசியவர்கள் சுவருக்கு அப்பால் நின்றவர்களே. ஊக்கமூட்டுதல் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

இதன் மறுபக்கத்தையும் அதே நாட்குறிப்பு காட்டுகிறது. 1748இல் ஆங்கிலேயரின் முற்றுகைக் காலத்தைப் பயன்படுத்தி, சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அதை நெடுநாள் வற்புறுத்தி வந்தவர்கள் இயேசு சபையாரே. தம் மந்தைக்குள் ஒரு சுவரைத் தகர்த்த கைகளே அண்டை வீட்டாரின் வழிபாட்டிடத்தைத் தகர்க்கவும் துணைநின்றன. பிறர் என்ற சொல்லின் எல்லை அன்று அவ்வளவு குறுகியிருந்தது. சம்பா கோவிலும் 1761இல் ஆங்கிலேயரால் அழிந்தது. இப்போதுள்ள கட்டடம் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குரல் கோவில் சுவர்களைத் தாண்டி அரசாணைகளை நோக்கித் திரும்பியது. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820களிலிருந்தே அடிபட்டனர். இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் முதலியோர் அவர்களுக்காக அதிகாரிகளிடம் முறையிட்டனர். 1858, 1859ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின், 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மன்னர் மேலாடைக்கு அனுமதி அளித்தார். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற விலக்குடன். அங்கேயே அடிமை முறையை ஒழிக்கும்படி மறைபணியாளர்கள் 1847இல் மன்னரிடம் விண்ணப்பித்தனர். 1855இல் அது ஒழிந்தது.

செங்கல்பட்டில் நிலமற்ற பண்ணையாட்களின் நிலையை வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி, ஸ்காட்லாந்து மிஷனின் ஆதாம் ஆண்ட்ரூ ஆகியோர் எழுத்தில் கொண்டுவந்தனர். மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும் சேர, 1892இல் சென்னை அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. இன்றும் வழக்கு மன்றங்களில் பேசப்படும் பஞ்சமி நிலம் அதன் விளைவு.

இலங்கைப் போரில் இந்நெறிக்குத் தமிழ்க் குருக்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர். மன்னார்ப் பகுதியில் மெதடிஸ்த போதகர் ஜார்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரிலும், வங்காலைப் பங்குக் குரு மேரி பஸ்தியான் 1985 ஜனவரியிலும் கொல்லப்பட்டனர். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் குண்டுவீச்சுக்கு நடுவே மக்களைக் கோவிலில் காத்த ஜிம் பிரவுன் அடிகள் காணாமற்போனார். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, 2011 ஜனவரியில் அரசு ஆணைக்குழுவின் முன் சென்று, அரசின் சொந்தக் கணக்குகளின்படியே போர் முடிவில் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

திருச்சி மாவட்டம் விரகலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, சார்க்கண்டில் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் சென்றவர். பீமா கோரேகாவ் வன்முறை தொடர்பான வழக்கில் 2020 அக்டோபர் 8இல், 83 வயதில் கைதானார், குற்றச்சாட்டுகளை மறுத்தார். நடுக்கு நோயால் கோப்பையைப் பிடிக்க முடியாத அவர் உறிஞ்சு குவளை கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5இல் மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

சுவர் என்னவோ சபைக்குள் இன்னும் எஞ்சியிருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் அது பிரிக்கிறது. புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கும் சம உரிமையும் கேட்டதைத் தொடர்ந்து மூண்ட மோதலில், 2008 மார்ச் 9இல் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கக் கோரும் வழக்கு 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் உள்ளது. இக்கோரிக்கையை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.