செய்முறைப் பாட ஆய்வு (ஜப்பான்)

செய்முறைப் பாட ஆய்வு என்பது, ஜப்பானின் ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகங்களில் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் நலக்கல்வி, உடற்கல்வி, கைவினை, இசை ஆகிய பள்ளிப் பாடங்களைப் பற்றி மேற்கொள்ளும் ஆய்வுகளைக் குறிக்கும். பாடநூலைக் காட்டிலும் உடலாலும் கையாலும் குரலாலும் கற்கப்படும் இப்பாடங்கள் ஜப்பானிய மொழியில் "ஜித்சுகி கியோக்கா" (செய்திறன் பாடங்கள்) என அழைக்கப்படுகின்றன. இவ்வாய்வுகளைச் செய்வோரில் பலர் ஏற்கனவே பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் என்பது இவற்றின் சிறப்பியல்பு ஆகும். செய்து காட்டித் தெரியும் ஒரு திறனை எழுதி விளக்கும் அறிவாக மாற்றுவதே இவ்வாய்வுகளின் மையச் சிக்கலாகும்.

பெயரும் பரப்பும்

ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் இசை, நுண்கலை, நலக்கல்வி-உடற்கல்வி, தொழில்நுட்பம்-மனையியல் ஆகிய நான்கும் செய்திறன் பாடங்களாகக் கருதப்படுகின்றன. தொடக்கப் பள்ளியில் ஓவியமும் கைவினையும் "சூகா கோசாக்கு" என்ற ஒரே பாடமாக 1947 முதல் கற்பிக்கப்படுகின்றன. மேல்நிலைப் பள்ளியில் "கோகெய்" எனப்படும் கைவினைக் கலை விருப்பப் பாடங்களுள் ஒன்றாகும்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வில் பொதுவாக ஜப்பானிய மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல், ஆங்கிலம் ஆகிய ஐந்து பாடங்களுக்கே எழுத்துத் தேர்வு உண்டு. செய்திறன் பாடங்களின் மதிப்பெண் பள்ளி அறிக்கை வழியாகவே கணக்கில் சேர்கிறது. தோக்கியோவில் 2016 முதல் அறிக்கையில் இந்நான்கு பாடங்களின் மதிப்பு இரு மடங்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தேர்வுத்தாள் இல்லாத ஒரு பாடத்தில் மாணவர் என்ன கற்றார் என்பதை எவ்வாறு நியாயமாக மதிப்பிடுவது என்ற கேள்வி, இத்துறை ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வரலாறு

தொடக்கம்

1872 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளிப் பாடங்களின் பட்டியலில் பாட்டைச் சேர்த்திருந்த போதிலும், "தற்காலிகமாக இது விடப்படும்" என்ற குறிப்பையும் உடன் தந்திருந்தது. கற்பிப்பதற்கு ஆசிரியரோ பாடநூலோ இல்லாததே காரணம். இந்நிலையை மாற்றியதில் இசாவா ஷூஜி (1851–1917) குறிப்பிடத்தக்கவர். இவர் 1875 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கு மேற்கத்திய முறையில் பாடுவது இவருக்குப் பெரும் இடராக இருந்தமையால், பாஸ்டனில் லூதர் வைட்டிங் மேசனிடம் தனியே பாடம் கேட்டார்.

நாடு திரும்பிய இசாவா, 1878 இல் நிறுவப்பட்ட உடற்பயிற்சிக் கல்விக்கூடத்திற்கும் 1879 இல் அமைந்த இசை ஆய்வு அலுவலகத்திற்கும் தலைமை ஏற்றார். எனவே ஜப்பானியப் பள்ளிகளின் உடற்கல்வியும் இசைக்கல்வியும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மனிதரின் மேற்பார்வையில் உருவாயின. உடற்பயிற்சிக் கல்விக்கூடத்தில் கற்பித்த அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஆடம்ஸ் லேலண்ட், உடற்பயிற்சியைக் கற்பித்ததோடு மாணவர்களின் உடல் அளவுகளைப் பதிவு செய்யும் வழக்கத்தையும் புகுத்தினார். மேசன் 1880 இல் ஜப்பானுக்கு வந்து இசை ஆய்வு அலுவலகத்தில் பணியாற்றினார். அவ்வலுவலகம் 1887 இல் தோக்கியோ இசைப் பள்ளியாகவும், 1949 இல் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகவும் ஆனது.

கைவினை "ஷுக்கோ" (கைவேலை) என்ற பெயரில் 1886 இல் உயர்தொடக்கப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 1880களின் இறுதியில் கோத்தோ மாகித்தா சுவீடனின் நேஸ் என்னும் இடத்திற்குச் சென்று, ஓட்டோ சாலமன் நடத்திவந்த ஸ்லாய்டு கைவினைக் கல்வி முறையைக் கற்றுவந்தார். ஸ்லாய்டு தச்சர்களை உருவாக்கும் தொழிற்பயிற்சி அன்று. கைவேலையின் வழியாகக் கவனம், ஒழுங்கு, உழைப்பின் மீதான மதிப்பு ஆகியவற்றை வளர்க்க முயலும் பொதுக்கல்வி முறையாகும்.

பட்ட மேற்படிப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டது. 1949 இல் தோன்றிய தோக்கியோ ககுகெய் பல்கலைக்கழகம் 1966 இல் கல்வியியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. ஒசாக்கா கல்வியியல் பல்கலைக்கழகம் 1968 இலும், ஐச்சி கல்வியியல் பல்கலைக்கழகம் 1978 இலும் தொடங்கின.

பணியிலுள்ள ஆசிரியர்கள் மேற்படிப்பு பெறுவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு மூன்று புதிய பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன:

* ஹியோகோ கல்வியியல் பல்கலைக்கழகம் (1978)
* ஜோயெத்சு கல்வியியல் பல்கலைக்கழகம் (1978)
* நருத்தோ கல்வியியல் பல்கலைக்கழகம் (1981)

1988 இல் திருத்தப்பட்ட ஆசிரியர் உரிமச் சட்டம், முதுநிலைப் பட்டத் தகுதிக்கு உரிய சிறப்பு உரிமம் ஒன்றை ஏற்படுத்தியது. 2001 முதல் ஆசிரியர்கள் அவ்வுரிமம் பெறும் பொருட்டு, ஊதியமின்றி மூன்று ஆண்டுகள் வரை விடுப்பு எடுக்கவும் வழி செய்யப்பட்டது. 1996 இல் தோக்கியோ ககுகெய், ஹியோகோ ஆகிய இரு பல்கலைக்கழகங்களையும் மையமாகக் கொண்டு, பல பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் முனைவர் படிப்புகள் உருவாயின. 2012 இல் ஐச்சி கல்வியியல் பல்கலைக்கழகமும் ஷிசுவோக்கா பல்கலைக்கழகமும் பாட உருவாக்கத்தில் கூட்டு முனைவர் படிப்பைத் தொடங்கின.

ஆய்வுத் துறைகள்

நலக்கல்வி

ஜப்பானியப் பள்ளிகளில் "யோகோ கியோயு" எனப்படும் நலப் பராமரிப்பு ஆசிரியர் பணியாற்றுகிறார். இப்பதவியின் வேர், 1900களில் கிஃபு மாகாணத் தொடக்கப் பள்ளிகளில் டிரக்கோமா என்னும் கண்நோயைக் கட்டுப்படுத்த அமர்த்தப்பட்ட செவிலியரிடம் உள்ளது. 1947 ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டத்தில் இப்பதவி இன்றைய பெயரைப் பெற்றது. 1998 இல் ஆசிரியர் உரிமச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோது, மூன்று ஆண்டுப் பணி அனுபவமுள்ள நலப் பராமரிப்பு ஆசிரியர் நலக்கல்விப் பாடத்தைக் கற்பிக்கவும் வாய்ப்பு உண்டாயிற்று.

வகுப்பறைக்குச் செல்ல இயலாமல் பள்ளியின் நல அறைக்கு மட்டும் வந்து செல்லும் மாணவர்கள், இத்துறை ஆய்வின் முக்கியப் பொருளாவர். வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லி வரும் குழந்தையின் வருகைப் பதிவேடு, காலப்போக்கில் அதன் தூக்கம், வீட்டுச் சூழல், நட்பு ஆகியவற்றைப் பற்றிய சான்றாக மாறுகிறது. நலப் பராமரிப்பு ஆசிரியர் அன்றாடம் எழுதும் குறிப்புகளே ஆய்வேட்டின் தரவாகின்றன.

உடற்கல்வி

1964 இல் தொடங்கிய தேசிய உடற்திறன் தேர்வு 1999 இல் மாற்றியமைக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான புதிய தேர்வில் பிடிவலிமை, படுத்தெழுதல், அமர்ந்து முன்வளைதல், பக்கவாட்டுத் தாவல், 20 மீட்டர் மீள் ஓட்டம், 50 மீட்டர் ஓட்டம், நின்று நீளந்தாண்டல், பந்தெறிதல் என எட்டுக் கூறுகள் உள்ளன. 2008 முதல் ஐந்தாம், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நாடளாவிய கணக்கெடுப்பும் நடைபெற்று வருகிறது (2011, 2020 ஆம் ஆண்டுகளில் நடைபெறவில்லை). குழந்தைகளின் உடற்திறன் 1980களின் நடுப்பகுதிக்குப் பின் பல கூறுகளில் குறைந்தமை பல ஆய்வுகளுக்குத் தூண்டுகோலாயிற்று.

அளவீடுகளுக்கு அப்பால், வகுப்பையே ஆராயும் முறையும் வளர்ந்தது. தக்காஹாஷி தாக்கெயோவும் உடனாய்வாளர்களும் 1994 இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையில், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் குழந்தைகள் ஒன்பது எளிய கேள்விகளுக்கு விடையளிக்கின்றனர். விளைவு, ஆர்வம், கற்கும் முறை, ஒத்துழைப்பு என்ற நான்கு கோணங்களில் அவ்விடைகள் தொகுக்கப்படுகின்றன. தனி ஆசிரியர் ஒருவரும் கையாளக்கூடிய எளிய கருவியாக இருப்பது இம்முறையின் பயனாகும்.

2012 இல் நடுநிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் தற்காப்புக் கலையும் நடனமும் அனைவருக்கும் கட்டாயமாயின. ஜூடோவில் பின்னோக்கி விழும்போது தலை தரையில் மோதுவதால் நேரும் மரணங்களும் மூளைக் காயங்களும் இதையொட்டிப் பெரும் விவாதத்தை எழுப்பின. பள்ளி விபத்து இழப்பீட்டுப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்ததன் மூலமே இவ்விபத்துகளின் பொதுவான வடிவம் வெளிப்பட்டது. எறிதலைக் கற்பிக்கும் முன் பாதுகாப்பாக விழக் கற்பிப்பதன் இன்றியமையாமையும் வலியுறுத்தப்பட்டது.

கைவினை

ஜப்பானிய இரம்பமும் இழைப்புளியும் தன்னை நோக்கி இழுக்கும்போது வெட்டுபவை. தேர்ந்த தச்சரையும் பழகாத மாணவரையும் ஒளிப்படக் கருவியால் பதிவு செய்து, முழங்கை, தோள், இரம்பத்தின் பாதை ஆகியவற்றை ஒப்பிடுவது தொழில்நுட்பக் கல்வி ஆய்வில் நன்கறியப்பட்ட அணுகுமுறையாகும். "நேராக அறு" என்ற ஆசிரியரின் சொல், எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எவ்வளவு நீளம் இழுப்பது என்று பிரிந்து கற்பிக்கக்கூடிய படிகளாகிறது.

தொழில்நுட்பம்-மனையியல் பாடத்தில் நெடுங்காலம் மாணவர்களுக்குத் தொழில்நுட்பமும் மாணவிகளுக்கு மனையியலும் எனப் பிரிவு இருந்தது. 1989 ஆம் ஆண்டின் பாடத்திட்டம் 1993 இல் நடுநிலைப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு நீங்கியது. தொடக்கப் பள்ளியில் 1977 ஆம் ஆண்டின் பாடத்திட்டம் "சோகெய் அசோபி" (உருவாக்க விளையாட்டு) என்பதை அறிமுகப்படுத்தியது. மணல், தாள், மரத்துண்டு போன்றவற்றோடு விளையாடுவதே இதன் நோக்கம். முடிவில் ஒரு பொருள் உருவாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதனால் குழந்தை என்ன செய்தது என்பதைச் செயலின்போதே பதிவு செய்யும் முறைகள் தேவைப்பட்டன.

இசை

தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் கொய்சுமி ஃபூமியோ (1927–1983) தம் மாணவர்களுடன் தோக்கியோவின் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று, குழந்தைகள் விளையாடும்போது பாடும் பாடல்களைத் திரட்டினார். இவ்வாய்வு 1969 இல் நூலாக வெளிவந்தது. 1950களின் இறுதியில் சென்னையிலும் லக்னோவிலும் இந்திய இசை பயின்றவர் இவர். பள்ளியில் மேற்கத்திய சுரவரிசைகளில் பாடக் கற்கும் குழந்தைகள், விளையாட்டிடத்தில் மரபான சுரவரிசையிலேயே பாடுகின்றனர் என்பது இவ்வாய்வு வெளிக்கொணர்ந்த செய்தியாகும்.

1998 ஆம் ஆண்டின் பாடத்திட்டம், நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ஒரு ஜப்பானிய மரபு இசைக்கருவியையேனும் கற்க வேண்டும் என வகுத்தது. இது 2002 இல் நடைமுறைக்கு வந்தது. பியானோவில் பயிற்சி பெற்ற இசையாசிரியர்கள் பலர் 13 நரம்புகள் கொண்ட கோத்தோவையோ ஷாமிசென்னையோ கற்பிக்க வேண்டியவராயினர். கோத்தோவின் ஒலிகளை "தோன்", "தென்", "கோரோரின்" முதலிய அசைகளால் வாயால் சொல்லிக் கற்பிக்கும் மரபு முறையை, இசைக்குறியீட்டின் துணையோடு கற்பிக்கும் முறையுடன் ஒப்பிடுவது இதிலிருந்து கிளைத்த ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகும்.

ஆய்வு முறையும் அதன் எல்லைகளும்

பொதுவாக இரண்டு ஆண்டுகள் நீடிக்கும் முதுநிலைப் படிப்பில் 30 மதிப்பலகுகளும் ஆய்வேடும் தேவை. பணியிலுள்ள ஆசிரியர் முதலாண்டைப் பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகக் கழித்து, இரண்டாம் ஆண்டில் தம் பள்ளிக்குத் திரும்பிப் பணியாற்றிக்கொண்டே ஆய்வை முடிக்கவும் வழியுண்டு. ஆய்வேட்டிற்கு மாற்றாக, ஒரு குறிப்பிட்ட பணியின் ஆய்வு விளைவைச் சமர்ப்பிக்கவும் விதிகள் இடமளிக்கின்றன. இசைக் கச்சேரி, கலைப் படைப்பு போன்றவை இவ்வகையில் அடங்கும்.

இவ்வாய்வுகளில் தரவு பெரும்பாலும் ஒரு பள்ளி, ஒன்றிரண்டு வகுப்புகள் என்ற அளவிலேயே அமைகிறது. கற்பிப்பவரே ஆய்வாளராகவும் இருக்கும்போது, தம் முறை வெற்றி பெற வேண்டும் என்ற விருப்பம் முடிவுகளில் கலக்கக்கூடும். புதிய முறையை ஒரு வகுப்பிற்கு அளித்து மற்றொன்றிற்கு மறுப்பது முறையா என்ற அறக்கேள்வியும் உண்டு. மறுபுறம், குழந்தைகளை ஆண்டு முழுவதும் அறிந்த ஒருவருக்கே தெரியக்கூடிய நுணுக்கங்கள் இவ்வாய்வேடுகளில் பதிவாகின்றன.

பாட நேரக் குறைவு

நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளுக்கான மொத்தப் பாடவேளைகள் (ஒரு பாடவேளை 50 நிமிடங்கள்), முறையே 1977, 1998, 2008 ஆம் ஆண்டுப் பாடத்திட்டங்களின்படி:

* இசை: 175, 115, 115
* நுண்கலை: 175, 115, 115
* தொழில்நுட்பம்-மனையியல்: 245, 175, 175
* நலக்கல்வி-உடற்கல்வி: 315, 270, 315

உடற்கல்வி தான் இழந்த நேரத்தை மீளப் பெற்றது. மற்ற மூன்றும் பெறவில்லை. பள்ளியில் ஒரு பாடத்தின் நேரம் குறைந்தால் அதைக் கற்பிக்கும் ஆசிரியரின் தேவையும் குறையும். எனவே இப்பாடங்களின் பயனைச் சான்றுகளோடு நிறுவும் சுமையும் ஆய்வின் மீது விழுந்தது.

தொழில்முறைப் பட்டப் பள்ளியும் ஆய்வேட்டின் நிலையும்

2008 இல் 19 பல்கலைக்கழகங்களில் "கியோஷோக்கு தைகாகுஇன்" எனப்படும் ஆசிரியத் தொழில்முறைப் பட்டப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இங்கு 45 மதிப்பலகுகள் தேவை; அவற்றுள் குறைந்தது 10 பள்ளியில் பெறும் பயிற்சிக்கு உரியவை. விரிவுரையாளர்களில் 40 விழுக்காட்டினருக்குக் குறையாதோர் நடைமுறை அனுபவம் உள்ளவராக இருத்தல் வேண்டும். ஆய்வேடு கட்டாயம் அன்று.

ஆசிரியர் கல்விக்கான முதுநிலைப் படிப்புகளை இப்பட்டப் பள்ளிகளுக்கு மாற்ற வேண்டும் என 2017 இல் கல்வி அமைச்சின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. தோக்கியோ ககுகெய் பல்கலைக்கழகம் 2019 இல் தன் முதுநிலைப் படிப்பின் பெரும்பகுதியை இவ்வாறு மாற்றியமைத்தது. ஆய்வு பள்ளியின் உடனடித் தேவையோடு நெருங்கி அமையும் என்பது இம்மாற்றத்தை ஆதரிப்போரின் வாதம். இயக்கப் பகுப்பாய்வு, இசையியல், பொருளறிவு போன்ற நீண்ட பயிற்சி தேவைப்படும் அடித்தளம் மெலியும் என்பதும், முனைவர் ஆய்வுக்குச் செல்வோர் குறைவர் என்பதும் எதிர்ப்போரின் அச்சம். சிறிய எண்ணிக்கையிலான ஆசிரியர்களைக் கொண்ட செய்திறன் பாடங்களில் இவ்விழப்பு கூடுதலாக உணரப்படும். ஒரு பள்ளியில் இசைக்கோ நுண்கலைக்கோ ஒரே ஓர் ஆசிரியர் மட்டுமே இருப்பது வழக்கம். தம் பாடத்தைப் பற்றி உடன் பணியாற்றும் ஒருவரோடு கலந்து பேச அவருக்குப் பள்ளியில் வாய்ப்பில்லை. பட்ட மேற்படிப்பு ஆய்வு அவ்வாய்ப்பை அளித்துவந்த இடங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* ஜப்பானின் கல்வி முறை
* ஸ்லாய்டு
* இசாவா ஷூஜி
* உடற்கல்வி
* கோத்தோ (இசைக்கருவி)