காலதரும் கண்ணாடியும்

சாளரத்திற்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. அந்தக் காற்றின் வழியே வெப்பம் குடிபுகுந்த கதையைப் பெங்களூர்த் தமிழர் தம் தெருக்களிலேயே காணலாம்.

1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த தம் படையைப் பெங்களூருக்கு மாற்றினர். படையைத் தொடர்ந்து நம்மவர் பலரும் வந்து கண்டோன்மென்ட் பகுதியில் குடியேறினர். அங்கெழுந்த பங்களாக்களின் சாளரங்களுக்குமேல் கூரிய முகப்புடைய மரக்கூரை ஒன்று நீண்டிருக்கும்; அதன் முன்புறத்தில் மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். அதற்கு 'மங்கி டாப்' என்று பெயர். குரங்குக்கும் அதற்கும் உள்ள உறவைப் பலரும் பலவாறு கூறுவர். அவ்வாராய்ச்சி நமக்கு வேண்டா. அதன் பயனே நமக்குப் பொருள். உச்சி வெயிலைக் கூரை தடுத்தது. தாழ்ந்து வரும் மாலை வெயிலைச் சட்டங்கள் மறித்தன. காற்றோ தடையின்றி உள்ளே வந்தது.

வெயிலை வெளியிலேயே நிறுத்துவதுதான் இதன் நுட்பம். கதிரவன் ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவும். உள்ளே தரையும் மேசையும் அதனைப் பருகிச் சூடேறி, நெட்டலை வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. நுழைந்தபின் திரைச்சீலையை இழுத்துவிடுவதால் ஓரளவே பயன் உண்டு. திரையே சூடேறி அறைக்குள் வெப்பத்தை வீசும்.

1990களுக்குப் பின் கணினித் தொழில் பெருகவே, கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுட் பலவற்றில் சாளரம் திறவாது. ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், இயற்கையே குளிர்காற்றை வழங்கும் ஊரில், அக்காற்றை வெளியே நிறுத்திவிட்டு மின்சாரத்தால் குளிர்ச்சி செய்கிறோம்! ஊரும் முன்போல் இல்லை. 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 பாகை செல்சியசைத் தொட்டது. குளிர்பதனப் பொறிக்கு வேலை மிகுந்துகொண்டே வருகிறது.

அரசும் இதனை உணர்ந்தது. 2007இல் வந்த ஆற்றல் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, சாளரத்தின் பரப்பையும் அது உட்புகவிடும் வெயிலையும் அளந்து வரையறுத்தது. வெளியே நிழல் அமைப்போருக்குச் சலுகையும் தந்தது. மங்கி டாப் செய்த தச்சருக்கு இது புதுச்செய்தியாய் இருந்திராது.

தோம்லூரில் ஆற்றல் வள ஆய்வு நிறுவனத்தின் கட்டடம் ஒன்றுண்டு. சஞ்சய் மோஹே வடிவமைத்தது. தெற்கே நாற்றம் வீசும் கால்வாய் இருந்தமையால், அத்திசையை மூடி இரட்டைச் சுவர் எழுப்பி, வெளிப்புறத்தில் கருங்கடப்பைக் கல் பதித்தனர். கல் வெயிலில் காய்கிறது. இடைவெளியிலுள்ள காற்று சூடேறி மேலெழுகிறது. அதனிடத்தை நிரப்ப வடபுறச் சாளரங்கள் வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது.