கிளட்ச் மறைந்த கதை

மைசூர் மண்டி மொஹல்லாவில் வாழும் தமிழருக்கு 'மண்டி' என்னும் சொல் புதிதன்று. அரிசி மண்டி, வெல்ல மண்டி என்று நம் ஊர்களிலும் அது வழங்குகிறது. அவ்வாறே, பந்தயக் கார்களின் புதுமையாகப் பேசப்படும் ஒரு வசதியும் அந்நகருக்கு முற்றிலும் புதிதன்று. கிளட்சைத் தொடாமலே கியர் மாற்றும் வசதிதான் அது.

கியர் மாற்றுவதில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. கிளட்சினால் என்ஜினின் விசையைத் துண்டித்தல் முதலாவது. பற்சக்கரங்களை மாற்றுதல் இரண்டாவது. விசையை மீண்டும் இணைத்தல் மூன்றாவது. இவற்றுள் எவற்றை மனிதன் செய்வது, எவற்றை இயந்திரத்திடம் விடுவது என்பதே இவ்வரலாற்றின் வினா.

1961-இல் மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. செக்கோஸ்லோவாகிய நாட்டு ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று, 250 சி.சி. மோட்டார் சைக்கிள்களை அது செய்தது. அவ்வண்டியில் கியர் நெம்புகோலைப் பாதத்தால் அழுத்தியவுடன் கிளட்சும் தானே விடுபடும். நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டுமே கைப்பிடி தேவைப்பட்டது. எந்த கியர், எப்பொழுது என்று தீர்மானிப்பது ஓட்டுபவரே. கிளட்ச் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இதே பங்கீட்டை மின்னணு முறையில் பார்முலா ஒன் பந்தயத்திற்குக் கொணர்ந்தவர் பெராரி நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்ட். ஸ்டியரிங் சக்கரத்தின் பின்புறம் இரு சிறு தகடுகளை அவர் பொருத்தினார். ஒன்றை இழுத்தால் கியர் ஏறும். மற்றதை இழுத்தால் இறங்கும். அக்கார் பந்தயத்தை முடிக்கும் என்றுகூடப் பலர் நம்பவில்லை. ஆயினும் 1989 மார்ச் 26 அன்று பிரேசிலில் நைஜல் மான்செல் அதில் வெற்றி கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அவ்வழியே சென்றன. 2005-இல் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் முதல் இந்தியராக அப்பந்தயத்தில் இறங்கியபோது, அவர் விரல்கள் இழுத்தவையும் இத்தகைய தகடுகளே.

1997-இல் பெராரி 355, சாலைக் கார்களுக்கும் இம்முறையைக் கொணர்ந்தது. 2003-இல் வோல்க்ஸ்வாகன் இரட்டைக் கிளட்ச் அமைப்பை விற்பனைக்கு விட்டது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு மற்றொன்று. வண்டி மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காவது ஆயத்தமாய் நிற்கும். ஆதலால் மாற்றம் நொடிப்பொழுதும் பிடிப்பதில்லை. கணிப்பொறி ஏறுவரிசையை எதிர்பார்த்திருக்க, ஓட்டுபவர் இறங்குவரிசையைக் கேட்டால் சிறு தயக்கம் தோன்றும். என்ஜின் அளவுமீறிச் சுழல நேரிடுமாயின், கணிப்பொறி அக்கட்டளையை ஏற்க மறுத்துவிடும். அங்கே தகட்டின் இழுப்பு கட்டளையன்று, வேண்டுகோளே.

வேகமும் பாதுகாப்பும் இதனால் பெருகின என்பது உண்மை. ஆனால் என்ஜினின் ஓசை கேட்டுக் கியர் மாற்றும் செவிப்பயிற்சி குன்றுகிறது என்பதும் உண்மையே. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அது செய்த வண்டிகளைப் பழுதுபார்த்துப் பேணும் கைகளும் அவற்றை விரும்பும் உள்ளங்களும் இன்றும் உள்ளன. தீர்மானம் மனிதனிடமே இருக்க, உழைப்பை மட்டும் பகிர்ந்துகொண்ட அவ்வண்டியின் நியாயம் இன்றைய பொறியியலாளரும் எண்ணிப்பார்க்கத் தக்கது.