மேலே தூக்கியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். ரோலர் கோஸ்டர் பெட்டி சங்கிலியில் கடகடவென்று ஏறுவதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இத மேல தூக்குறது யாரு?" என்றாள்.

நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதை எட்டாம் வகுப்புக்கு எத்தனையோ வருஷம் நடத்தியவன் நான். என் கரும்பலகையில் பந்து எப்போதும் உச்சியிலேயே இருக்கும். அதை அங்கே கொண்டுபோனது யார் என்று நானும் சொன்னதில்லை, எந்தப் பிள்ளையையும் கேட்க விட்டதில்லை.

இந்த விளையாட்டின் பூர்வீகத்தில் ஒரு நிலக்கரிப் பாதை இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மாக் சங்க் என்ற ஊர். 1827-இல் மலைமேல் இருந்த சுரங்கத்திலிருந்து லீஹை ஆற்றங்கரைக்குச் சுமார் 9 மைலுக்குத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. கரி ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். காலி வண்டிகளை மேலே இழுத்துப் போனவை கோவேறு கழுதைகள். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

கீழே இறங்கும்போது கழுதைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. தீனி தின்றுகொண்டே வரும். சவாரி பழகிப்போன பிறகு, நடந்து இறங்கச் சொன்னால் மறுத்துவிடுமாம். மேலே ஏற்றிய உழைப்புக்கு அந்த இறக்கம் கூலி என்று அவை நினைத்திருந்தால் தப்பில்லை!

நிலை ஆற்றல் என்ற பொருளில் ராங்கின் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை உருவாக்கியது 1853-இல்தான். பெயர் வருவதற்கு முன்பே கழுதைகள் அந்த ஆற்றலைச் சேமித்துக் கொடுத்துவிட்டன.

1840-களில் நீராவி எஞ்சின் வந்தது, கழுதைகளின் வேலை போனது. பிறகு மலைக்குள் சுரங்கப்பாதை குடைந்து ரயில் விட்டதும் கரியும் இந்தப் பாதையை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியவர்கள் வேடிக்கைக்காகச் சவாரி செய்ய வந்தவர்கள்தான்.

இதே வகைச் சவாரியை 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் கட்டினார் லாமார்கஸ் தாம்ப்சன். கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். நம்மூர் சைக்கிள் இதைவிட வேகமாகப் போகும். ஒரு முனைக்கு வந்ததும் பயணிகள் இறங்கிக்கொள்வார்கள். வேலையாட்கள் பெட்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளி ஏற்றுவார்கள். கழுதை இருந்த இடத்தில் மனிதன்! மறுவருஷமே பிலிப் ஹிங்கிள் என்பவர் இயந்திரத்தால் இழுத்து ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார்.

பேத்தியிடம் அன்று "மோட்டார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வருவாள். கழுதைக் கதையிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.